உதடு தெரியும் வெளிச்சம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் காதில் வந்து நின்றுவிடுகிறது. ஒருவருக்கு இடது காது போய்விட்டது. இன்னொருவர் மகன் வாங்கித் தந்த கருவியை மேசை டிராயரில் பத்திரமாக வைத்திருக்கிறார். மூன்றாமவர் தனக்கு எல்லாம் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டே டிவியைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்க வைக்கிறார். போன ஞாயிறு சைனிக்புரியில் நாம் கூடியபோது உங்களில் ஒருவர் சொன்னீர்கள்: "கேக்கலைன்னாகூடப் பரவால்ல. இன்னா சொன்னேன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, வுடு'ங்கறாங்க பாரு. அதுதான் தாங்கல."

எல்லோரும் சிரித்தோம். எனக்கு என் சித்தி நினைவுக்கு வந்தாள். பன்னிரண்டு வயதிலிருந்து அந்த 'ஒண்ணுமில்ல'வோடு வாழ்ந்தவள். அதை ஒரு கோடைகாலத்தில் ஒரு சின்ன டார்ச்சை வைத்துக்கொண்டு அவள் எதிர்த்து நின்றதைப் பார்த்தவர்களில் நான்தான் இப்போது மிச்சம். அதனால் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் செகந்திராபாத்தை ஒட்டிய லோத்குண்டாவில் இருந்தோம். ராணுவ நிலத்தின் முள்வேலியை ஒட்டிய சந்து. சிமென்ட் ஷீட் போட்ட வீடு. அப்பா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். வேலூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. வீட்டுக்குள் ஊர்த் தமிழ், தெருவில் தெலுங்கும் தக்கணி உருதுவும், வாசற்படியில் நின்றால் மூன்றும் சேர்ந்த ஒன்று.

சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்தாள். சிறுவயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவள் காதுகளை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. பேச்சு அப்படியே தங்கியது. ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால் அதன் அளவு அவளுக்குத் தெரியாது. சாப்பாட்டில் உப்பு குறைந்தால் அது சந்து முழுவதற்கும் தெரிந்துவிடும். ரேடியோ பாகங்கள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் காயில், அதாவது கம்பிச்சுருள், சுற்றும் வேலை. மயிர் போன்ற தாமிரக் கம்பியைச் சுண்டுவிரல் அளவு உருளையில் சுற்ற வேண்டும். அந்த வேலையைப் பற்றி வீட்டில் யாரும் அவளிடம் கேட்டதில்லை. மாலையில் வருவாள், கை கழுவுவாள், அம்மாவுக்கு மாவு பிசைந்து கொடுப்பாள்.

பிறர் பேசுவதை உதட்டைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். இது புத்தகம் படிப்பது போல என்று நினைத்துவிட வேண்டாம். பாதி எழுத்து வெளியே தெரியாது. ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். க என்பது தொண்டையில் பிறந்து அங்கேயே முடிந்துவிடும். நாக்கு பல்லைத் தொடும் த-வும், மடிந்து மேலே போகும் ள-வும் தெரிய வேண்டுமென்றால் வாய்க்குள் கொஞ்சம் வெளிச்சம் விழ வேண்டும். மீதியை, பேசுகிறவர் யார், எதைப் பற்றிப் பேசுகிறார் என்பதை வைத்து அவளே நிரப்பிக்கொள்வாள். ஒவ்வொரு வாயையும் தனித்தனியாகப் பழக வேண்டும். அம்மாவின் வாய் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்பா வெற்றிலை போட்டிருந்தால் ஒன்றும் பிடிபடாது. எதிர்வீட்டில் இருந்தவளை நாங்கள் எல்லோரும் ஆபா என்போம். உருதுவில் அக்காவுக்கு அதுதான் சொல். ஆபா புருவம், கன்னம், மோவாய் எல்லாவற்றையும் வைத்துப் பேசுவாள். அவள் வாய் சித்திக்கு மிகவும் சுலபம்.

மிகக் கடினமான வாய் பெரிய மாமாவுடையது. அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். தகப்பன் இல்லாத குடும்பத்தில் தகப்பன் இடத்தில் இருந்தவர். மேலுதட்டை முழுக்க மூடி, கீழுதட்டின் பாதி வரை தொங்கும் மீசை வைத்திருந்தார். அவர் பேசினால் மீசை அசைவதுதான் தெரியும்.

அந்தக் கோடையில் தினமும் மாலை இருட்டிய பிறகு கரண்ட் போகும். நம் எல்லோருக்கும் அது நினைவிருக்கும். சந்து முழுவதும் ஒரே குரலில் 'ஹோ' என்று கத்துவோம். கட்டில்களும் பாய்களும் வாசலுக்கு வரும். ரேடியோக்கள் நின்றுபோன அமைதியில் வேலிக்கு அப்பாலிருந்து காய்ந்த புல்லின் வாசனையும், சமையலறைச் சிம்னி விளக்கின் மண்ணெண்ணெய் வாசனையும் மாறிமாறி வரும். எங்களுக்கு அது திருவிழா. சித்திக்கு அப்போது இரண்டாவது முறையாகக் காது போகும். சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், சிரிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் முன்னால் கறுப்பாகச் சில உருவங்கள் மட்டும்தான் இருக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே போய்ச் சிம்னி விளக்கருகில் எதையாவது தைத்துக்கொண்டிருப்பாள்.

பெரிய மாமா ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் செகந்திராபாத்திலிருந்து பஸ் ஏறி வருவார். அவரும் அம்மாவும் அப்பாவும் முக்கியமான விஷயங்களைக் கரண்ட் போன பிறகு பேசத் தொடங்கினார்கள். முதலில் அது தற்செயலாக நடந்திருக்கும். பிறகு வசதியாகிவிட்டது. சித்தி எதிரிலேயே இருந்தாலும் அவளைப் பற்றிப் பேசலாம். குழந்தைகளை மட்டும் ஆபா வீட்டுக்குத் துரத்திவிட்டால் போதும்.

ஒரு ஞாயிறு பேச்சுக்கு நடுவில் மாமா சிகரெட் பற்ற வைக்கத் தீக்குச்சி கிழித்தார். குச்சி எரிந்த நேரத்தில் பேச்சை நிறுத்தவில்லை. சித்தி எதிரில் இருந்தாள். மறுநாள் வாசற்படியில் என்னை உட்காரவைத்துச் சொன்னாள்.

"ஆம்பூர்னு சொன்னான். ரெண்டு புள்ளைங்கன்னு சொன்னான். அப்புறம், 'அவ கிட்ட அப்பறம் சொல்லிக்கலாம்'னான். குச்சி அணைஞ்சிடுச்சு."

எனக்கு அப்போது பத்து வயது. ஒன்றும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்திருந்தது. மனைவியை இழந்த யாரோ ஒருவர், இரண்டு குழந்தைகள், இவளைக் கேட்கிறார்கள். அதுவும் முடிவாகும் நிலையில் இருக்கிறது. பகலில் அம்மாவிடம் நேராகக் கேட்டாள். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு திரும்பி இவள் முகத்தைப் பார்த்து மறுபடி சொன்னாள்: "ஒண்ணுமில்லமே. சும்மா ஊர்ப் பேச்சு."

"நான் ஒளிஞ்சிருந்து கேட்டு உனக்குச் சொல்லட்டுமா?" என்றேன்.

"நக்கோ, வேணாம்," என்றாள் சித்தி. "எல்லாரும் கேட்டு எனக்குச் சுருக்கித்தான் சொல்றாங்க. நீயும் சுருக்குவே. நானே பாக்கணும்."

ஞாயிறு இருட்டில் மாமாவின் வாய் தெரிய வேண்டும். இவ்வளவுதான் அவளுக்குத் தேவை. அதற்கு டார்ச் வேண்டும் என்று வீட்டில் சொன்னபோது எல்லோரும் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "பாவம், இருட்டுன்னா பயப்படறா," என்றாள் அம்மா. "காது கேக்காதவங்களுக்கு அப்டித்தான் இருக்கும்," என்று அப்பா ஒரு விளக்கமும் கொடுத்தார். சித்தி இரண்டையும் படித்துவிட்டு மறுக்காமல் இருந்தாள்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு டார்ச் இருந்தது. அப்பா இரவு ஷிஃப்ட்டுக்கு எடுத்துப்போகும் மூன்று செல் டார்ச். ஒரு மாலை அதை என் முகத்தில் அடித்து என்னைப் பேசச் சொன்னாள். நான் கண்ணை மூடினேன், முகத்தைச் சுளித்தேன், வாயையும் இறுக்கிக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். கண்ணில் வெளிச்சம் பட்டவன் பேசமாட்டான். இது அவளுக்குக் கிடைத்த முதல் பாடம். அதோடு அந்த வெளிச்சத்தின் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டும், அதைச் சுற்றி வளையங்களும் விழுந்தன. வளையத்தில் உதடு மாட்டினால் இல்லாத அசைவெல்லாம் தெரிந்தது.

செகந்திராபாத் மார்க்கெட்டில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடைகளுக்கு நடுவில் ஒரு பல்ப் கடை இருந்தது. கடைக்காரருக்குத் தாய்மொழி உருது. தமிழ் வாடிக்கையாளர்களோடு பழகிப்பழகி ஒரு தமிழும் வந்திருந்தது. சித்தி என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போனாள். பேனாவைவிடக் கொஞ்சம் தடிமனாக, இரண்டு பென்சில் செல் போடுகிற அலுமினிய டார்ச் ஒன்றை எடுத்தாள். குறுக்குக் கோடுகள் வெட்டிய அதன் உடம்பு வியர்த்த கையிலும் வழுக்காது. அந்த டார்ச் பிறகு நாங்கள் சைனிக்புரிக்கு வீடு மாறியபோது எங்கேயோ காணாமல் போனது. அதன் எடை இன்னும் என் கைக்குத் தெரியும்.

டார்ச்சை எடுக்க ஒரு நிமிஷம் ஆனது. பல்புக்கு ஒரு மத்தியானம் போனது.

டார்ச் பல்பின் பித்தளைக் கழுத்தில் அது எத்தனை வோல்ட் என்று பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். மூன்று செல் டார்ச்சுக்கான பல்பை இந்தச் சின்ன டார்ச்சில் போட்டால் அடுப்புக் கங்கு போல் சிவப்பாக எரிந்தது. என் பல் எது, உதடு எது என்று பிரியவில்லை என்றாள். இரண்டரை வோல்ட் பல்ப் பரவாயில்லை. ஆனால் அதிலும் வளையங்கள் விழுந்தன. கடைசியாகக் கடைக்காரர் ஒரு டப்பாவின் அடியிலிருந்து எடுத்துத் தந்தது வேறு வகை. அதன் நுனிக் கண்ணாடி தடித்து, ஒரு மழைத்துளி போல் உருண்டிருந்தது. லென்ஸ் பல்ப். கடையின் பழைய செல்களோடு அதைப் போட்டதும் வளையம் இல்லாத ஒரு சின்ன வட்டம் விழுந்தது. மூக்குக்குக் கீழே தொடங்கி மோவாயில் முடிந்துவிடும் அளவு வட்டம். கண்ணில் படவே படாது.

சித்தி என்னை விட்டுவிட்டுக் கடைக்காரரின் வாயில் அடித்தாள். அவருக்கும் பெரிய மீசை. அதற்காகவே அந்தக் கடைக்கு வந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பேசுங்க," என்றாள்.

"க்யா பேசறது?"

"எதுனா பேசுங்க. வெல சொல்லுங்க."

கடைக்காரர் ஒவ்வொரு பல்புக்கும் விலை சொன்னார். சித்தி டார்ச்சை நேராகப் பிடித்துப் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள். பிறகு அவர் கையிலேயே கொடுத்து மோவாய்க்குக் கீழே பிடிக்கச் சொன்னாள். கீழிருந்து அடித்தால் மீசையின் நிழல் மேலே போய்விடும், நாக்கு தெரியும். ஒரு பல்பைத் திருப்பிக் கொடுத்து இன்னொன்றைக் கேட்டாள். மறுபடி முதல் பல்பைக் கேட்டாள்.

"கைக்கு மா, எதுக்கு இத்தனை பாக்கறே? பல்ப் பாக்கறியா, மாப்பிள்ளை பாக்கறியா?"

சித்தி ஒரு சொல்லும் விடாமல் படித்துவிட்டாள். பஜார் முழுவதும் கேட்கும் குரலில் பதில் சொன்னாள்: "மாப்பிள்ளை இருந்தா குடுங்க. அதையும் எரிய வுட்டுப் பாத்துட்டுத்தான் எடுப்பேன்."

பக்கத்துக் கடிகாரக் கடைகளில் கண்ணில் லென்ஸ் மாட்டிய எல்லோரும் தலை தூக்கிப் பார்த்தார்கள். கடைக்காரர் மீசைக்கு அடியில் சிரித்தார். அரைகுறைத் தமிழ், முன்பின் பழகாத வாய், மீசை. எல்லாம் தாண்டி அவள் படித்துவிட்டாள். அந்த மகிழ்ச்சியில் பஸ்ஸில் வழி முழுவதும் என்னிடம் பேசிக்கொண்டே வந்தாள். கண்டக்டர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

பல்ப் தீர்ந்தது, பிரச்சினை செல்லுக்கு வந்தது. அந்த நாளைய செல்லை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாங்கிய அன்று வெள்ளை வெளிச்சம், அடுத்த நாள் மஞ்சள், அதற்கடுத்த நாள் வெயிலில் காயவைத்து ஒரு அரைமணி. மஞ்சள் வெளிச்சத்தில் பல்லும் நாக்கும் ஒரே நிறமாகிவிடும். பெரியவர்கள் பேசி முடிக்கும் வரை ஒரே அளவு வெளிச்சம் வேண்டும், நடுவில் மங்கக் கூடாது.

ஆபாவின் கணவர் கல்ஃபில் இருந்தார். மகனுக்கு பேட்டரிக் கார் அனுப்பியிருந்தார். அதோடு ஒரு கறுப்புப் பெட்டியும் நான்கு செல்களும் வந்திருந்தன. பெட்டியைச் சுவரில் செருகி செல்களை உள்ளே வைத்தால் ஒரு சிவப்புப் பொட்டு எரியும். ஒரு பகல் முழுவதும் வைத்தால் செத்த செல் மறுபடி உயிர் பெறும். சார்ஜ் செல் என்பதை அந்தச் சந்தில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"காரை வந்த வாரமே ஒடச்சிட்டான்," என்றாள் ஆபா. "இது சும்மா கைக்கு கெடக்கணும்? நீ எடுத்துக்கோ. ஆனா எதுக்குன்னு சொல்லு."

சித்தி சொன்னாள். இருட்டுக்குப் பயம் என்ற கதையை ஆபாவிடம் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். ஆபா கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மகனின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னை ஒருத்தர் கேட்டார்," என்றாள். "நிக்காஹ் அன்னிக்கு காஜி சாப் கேட்டார், சம்மதமான்னு. வாசல்ல பிரியாணி வெந்துட்டு இருந்துச்சு. வேணாம்னு சொன்னா அத்தன சோத்தை யாரு தின்றது?"

சித்தி அதைப் படித்துச் சிரித்தாள். ஆபாவும் சிரித்தாள். பிறகு செல்களை எடுத்து சித்தியின் கையில் கொட்டினாள்.

சார்ஜ் செல்லுக்கு ஒரு குணம் உண்டு. சாதாரண செல்லைவிடக் கொஞ்சம் வேகம் குறைவு. அதனால் இரண்டரை வோல்ட் பல்ப் அதில் சோம்பலாக எரியும். அதைவிடக் குறைந்த, இரண்டேகால் வோல்ட் அளவுள்ள அந்த லென்ஸ் பல்பைப் போட்டால் பால் போல் எரியும். சித்தி இதை யாரிடமும் கேட்கவில்லை. இரண்டையும் மாற்றிமாற்றிப் போட்டு, என்னைச் சுவரோரம் நிறுத்திப் பேசச் சொல்லிக் கண்டுபிடித்தாள். நான் வாய்ப்பாடு சொன்னேன், பஸ் நம்பர்கள் சொன்னேன், பள்ளியில் கற்ற கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமில்லாமல் சொன்னேன். "அதை உங்கம்மா கிட்ட சொல்லிப் பாரு," என்றாள்.

கம்பெனிக்குப் போகும்போது இரண்டு செல்களைப் பெட்டியில் செருகிவிட்டுப் போவாள். அந்தச் சிவப்புப் பொட்டைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது விடுமுறையில் எனக்கு ஒரு வேலை.

இப்படி எல்லாம் தயாரான சனிக்கிழமை அப்பா ஒரு நல்ல காரியம் செய்தார். மச்சினி இருட்டில் பயப்படுகிறாளே என்று ஒர்க்ஷாப்பிலிருந்து வரும் வழியில் இரண்டு புத்தம் புது பென்சில் செல் வாங்கி வந்து, பழைய செல் என்று நினைத்துச் சார்ஜ் செல்களை வெளியே எடுத்துவிட்டு, அவற்றை டார்ச்சில் போட்டார். "பாத்தியா, எப்டி அடிக்குது!" என்றார். உண்மையாகவே அடித்தது, நீலம் கலந்த வெள்ளை. புதுச் செல்லின் வேகத்தை அந்தக் குறைந்த வோல்ட் பல்ப் எவ்வளவு நேரம் தாங்கும்? அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டுவதற்குள் ஒரு மின்னல் மின்னி அணைந்தது.

"மட்ட பல்ப்பா வாங்கினு வந்திருக்கே," என்றார் அப்பா.

சித்தி பல்பைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே கண்ணாடி கறுத்திருந்தது. அவள் அப்பாவைத் திட்டவில்லை. அன்பாகச் செய்கிற ஒருவரைத் திட்ட முடியாது என்பதும், அப்படிச் செய்கிறவர்கள் ஒருபோதும் முதலில் கேட்பதில்லை என்பதும் அவளுக்கு அந்த வீட்டில் நன்றாகப் பழகியிருந்தது.

மறுநாள் ஞாயிறு. பல்ப் கடை மூடியிருந்தது. மாமா வந்தார், கரண்ட் போனது, வாசலில் பேச்சு நீண்டது. சித்தி உள்ளே இருந்தாள்.

அந்த வாரம் அம்மா சித்தியின் பழைய ரவிக்கை ஒன்றை எடுத்து டெய்லரிடம் அளவுக்குக் கொடுத்தாள். "எதுக்குக்கா?" என்று சித்தி கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல. உன்துதெல்லாம் பழசாயிடுச்சே," என்றாள். சித்தி என்னைப் பார்த்தாள். அடுத்த ஞாயிறுக்குள் தெரிந்தாக வேண்டும் என்பது எனக்கே விளங்கிவிட்டது. திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து நேராக மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு லென்ஸ் பல்ப் வாங்கி வந்தாள். சார்ஜ் செல்களோடு ஒன்றை டார்ச்சில் போட்டாள். இன்னொன்றைப் பஞ்சில் சுற்றி, தீப்பெட்டிக்குள் வைத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஞாயிறு மாலை மாமா ஒஸ்மானியா பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தார். அப்போதெல்லாம் நல்ல செய்தி என்றால்தான் அவர் வாங்கி வருவார். டீ குடித்தார். கரண்ட் போனது, சந்து 'ஹோ' என்றது. "பசங்களா, ஆபா வூட்டுக்கு ஓடுங்க," என்றாள் அம்மா. சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். இருட்டில் யாரும் கவனிக்கவில்லை.

மாமா பேசத் தொடங்கினார். அவர் எதிரில் ஒரு பிரம்பு மோடாவில் உட்கார்ந்திருந்த சித்தி டார்ச்சை அழுத்தினாள்.

சின்ன வெள்ளை வட்டம் மாமாவின் மூக்குக்குக் கீழே போய் நின்றது. மீசையில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூள் வரை தெரிந்தது.

"யே, இன்னா இது? கண்ணுல படுது," என்றார் மாமா. படவில்லை. வட்டம் அவர் மூக்கைத் தாண்டவே இல்லை.

"பயப்படறாண்ணா, அதான்," என்றாள் அம்மா.

"அணைக்கச் சொல்லு, செல்லு தீந்துடப் போவுது," என்றார் அப்பா.

மாமா அம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேச்சைத் தொடர்ந்தார். வட்டத்தில் அவர் காதுதான் இருந்தது. சித்தி மோடாவை நகர்த்தினாள். அவர் துண்டை எடுத்து வாயைத் துடைப்பதுபோல் வைத்துக்கொண்டார். எல்லாப் பல்பையும் எல்லாச் செல்லையும் சோதித்தவள் இதைச் சோதிக்கவில்லை. மூடிய வாய்க்கு எந்த வெளிச்சமும் உதவாது.

சித்தி எழுந்தாள். போய் மாமாவின் வலது கையைப் பிடித்தாள், அதில் டார்ச்சை வைத்தாள், விரல்களை மூடினாள், அதை அவர் மோவாய்க்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நீயே புடிண்ணா. எனக்குச் சொல்லு."

மாமாவின் கட்டைவிரல் பட்டன் மேல் இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் போதும், அந்த இரவும் பழைய ஞாயிறுகளைப் போலவே முடிந்துவிடும். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

"நாளைக்குச் சொல்றேம்மா."

"நாளைக்கு வேணாம். ஆம்பூர்க்காரர் யாரு? ரெண்டு புள்ளைங்க யாருது? எனக்கு எதுக்கு ரவிக்கை தைக்கறாங்க?"

அவளுடைய இயல்பான குரல் அது. ரேடியோ இல்லாத, ஃபேன் இல்லாத அந்தச் சந்தில் கடைசி வீடு வரை கேட்டது. பாய்களில் நடந்துகொண்டிருந்த பேச்செல்லாம் ஒவ்வொன்றாக நின்றது. அம்மா வழக்கம்போல் கையைக் கீழ்நோக்கித் தட்டித்தட்டி, மெதுவா, மெதுவா என்று காட்டினாள். "மானம் போவுதுமே," என்றாள். சித்திக்கு அம்மாவின் கையும் தெரியவில்லை, வாயும் தெரியவில்லை. அந்த இருட்டில் அவளோடு பேசக்கூடியவர் மாமா ஒருவர்தான்.

"ஒரு நல்ல எடம் வந்திருக்கு," என்றார் மாமா.

"சுருக்காதே. பூரா சொல்லு."

மாமா சொன்னார். தோல் கிடங்கில் கணக்குப் பார்ப்பவர். மனைவி இறந்துவிட்டாள். இரண்டு குழந்தைகள். நகை, பணம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நிறுத்தினார். மூன்று ஞாயிறுகளாக இருட்டில் எளிதாகச் சொல்லிவந்த ஒரு வாக்கியம் அவருக்கு இப்போது வரவில்லை.

"'காது கேக்காட்டிப் பரவால்ல, வூட்டு வேலை தெரிஞ்சா போதும்'னு சொன்னாங்க," என்றார் கடைசியில்.

சித்தி அதைக் கடைசி எழுத்து வரை படித்தாள்.

"புள்ளைங்களுக்கு எத்தினி வயசு?"

மாமா அம்மாவின் பக்கம் பார்த்தார். "தெரியலம்மா. கேக்கல."

"அவரு என்கிட்ட பேசணும்னு கேட்டாரா?"

"போட்டோ பாத்தாரு."

"போட்டோல என் வாய் மூடியிருக்கும்ணா," என்றாள் சித்தி. எதிர்வீட்டு இருட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது ஆபாதான். சித்திக்குத் தெரியாது, அவள் பாட்டுக்குப் பேசினாள். "கல்யாணமே வேணாம்னு நான் சொல்லல. கேக்காம வேணாம். அங்க போனா பத்து வாயை நான் மொதல்லேர்ந்து பழகணும். யாரு நின்னு எனக்குப் பேசுவாங்க? இங்க எனக்கு வேலை இருக்கு. அடுத்த மாசம் என்னைச் செக்கிங் டேபிளுக்கு மாத்தறாங்க. நீங்க யாரும் கேக்கல, நானும் சொல்லல."

"ஹவ்! சரியா சொல்றா!" என்றாள் ஆபா அங்கிருந்தே. ஆமாம் என்று இன்னும் இரண்டு வீடுகளிலிருந்தும் 'ஹவ்' வந்தது. அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

மாமா எங்கள் குடும்பத்தில் யாரிடமும் அபிப்பிராயம் கேட்டறியாதவர். கெட்டவர் அல்ல. தங்கைக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படும், எல்லாம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பதையே கருணை என்று நம்பியிருந்தார். அந்த வெளிச்சத்தில் அவர் உதடு இரண்டு முறை திறந்து மூடியதைப் பார்த்தேன்.

"அப்ப, வேணாமா?"

"வேணாம்."

"சரி. வேணாம்னு சொல்லிடறேன்."

சொன்னபடி அந்த வாரமே ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார். ரவிக்கை மட்டும் தைத்து வந்தது. சித்தி அதைச் செக்கிங் டேபிளின் முதல் நாளுக்குப் போட்டுக்கொண்டு போனாள்.

ஆனால் அந்த மாலை அதோடு முடிந்துவிடவில்லை. மாமா டார்ச்சைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னும் மோவாய்க்குக் கீழேயே பிடித்திருந்தார். கொஞ்சம் யோசித்து, "செக்கிங் டேபிள்னா இன்னா வேலை?" என்று கேட்டார்.

சித்தி மோடாவை அவர் முழங்கால் வரை இழுத்துப் போட்டுக்கொண்டாள். காயில் என்றால் என்ன, மற்றவர்கள் சுற்றியதை அவள் எப்படிச் சோதிக்க வேண்டும், கம்பி எவ்வளவு மெல்லியது, ஒரு சுற்று தப்பினால் ரேடியோவில் என்ன ஆகும், மேஸ்திரி தெலுங்கில் திட்டும்போது அவர் வாய் எவ்வளவு தெளிவாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் நடுநடுவே கேட்டார். அவள் அவர் வாயைப் பார்த்துப் பதில் சொன்னாள். அப்பா ஒரு பிஸ்கட் எடுத்துக் கடித்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், பிறகு அவளும் ஒரு கேள்வி கேட்டாள். அதை மாமா வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிச் சொன்னார்.

அப்போது கரண்ட் வந்தது. சந்து கத்தியது. வாசல் பல்ப் எரிந்தது, உள்ளே ஃபேன் சுற்றத் தொடங்கியது, நாலைந்து ரேடியோக்கள் ஒரே நேரத்தில் பாதிப் பாட்டிலிருந்து தொடங்கின. பாய்களைச் சுருட்டிக்கொண்டு எல்லோரும் உள்ளே போனார்கள். அப்பாவும் எழுந்தார். முழு வெளிச்சத்தில், மோவாய்க்குக் கீழே எரிகிற டார்ச்சைப் பிடித்தபடி, பெரிய மாமா தங்கையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பறம்?"